அடுப்படியில் வேதம் வாசிப்பது எப்படி? தங்கச்சிக்கு அக்கா சொல்லும் டிப்ஸ்

தங்கச்சி, வேதம் வாசிக்க நேரமே கிடைப்பதில்லை என்று நீ சொன்னால் நான் நம்புவேன். காலையில் டிபன் கட்டி, பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றி, வேலைக்கு ஓடி, திரும்பி வந்து பாத்திரம் கழுவி முடிக்கும்போது கண் சொருகிவிடும். "வீட்டு வேலையிலேயே கர்த்தர் பேசுவார், கவனித்துக் கேள்" என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் எப்படிக் கவனிப்பது, எதைக் கேட்பது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. அதைத்தான் எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். நான் இருப்பது சந்தவாசல், ஜவ்வாது மலை அடிவாரம். இங்கே கண்ணில் படுவதை வைத்தே சொல்கிறேன். நீ உன் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்.

முதலில் வேலையைப் பார், வசனம் பிறகு வரும்

நம்மில் பலர் வசனத்தை முதலில் கையில் வைத்துக்கொண்டு, அதை எதன்மேல் ஒட்டலாம் என்று தேடுகிறோம். மிக்சி ஓடினால் ஒரு பாடம், குக்கர் கூவினால் ஒரு பாடம். அப்படி ஒட்டியது மதியத்துக்குள் உதிர்ந்துவிடும். இயேசு உவமை சொன்ன விதத்தைப் பார். விதைக்கிறவன் விதைத்தால் சிலது வழியோரத்தில் விழும், சிலது பாறைமேல் விழும், சிலது முள்ளுக்குள் விழும் என்று வயலை நன்றாகப் பார்த்தவர் பேசுகிற பேச்சு அது. மாவுக்குள் புளிப்பு எப்படி ஏறுகிறது, தொலைந்த காசைத் தேடும் பெண் விளக்கைக் கொளுத்தி வீட்டை எப்படிப் பெருக்குகிறாள் என்பதெல்லாம் அவர் வளர்ந்த வீட்டில் கண்டிருப்பார். வேலை எப்படி நடக்கிறது என்பது முதலில் தெரியவேண்டும்.

எங்கள் மலையில் விளைவது சாமை. அந்தத் தானியத்தின் உமி லேசில் விடாது. மில் வருவதற்கு முன் மலைப்பெண்கள் உரலில் போட்டு இடித்து, முறத்தில் புடைத்து, மறுபடி இடித்து, மறுபடி புடைத்துத்தான் ஒரு வேளைச் சோறு கண்டார்கள். என் பாட்டி முறம் பிடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தானியம் மேலே எழும்பும்போது பார்க்கிறவர்களுக்கு எல்லாம் கீழே கொட்டப்போகிறது என்றுதான் தோன்றும். கொட்டாது. காற்றில் போவது உமி மட்டும். தானியம் திரும்ப முறத்துக்கே வரும், ஏனென்றால் முறத்தைப் பிடித்த கை அதற்கு முன்பே அங்கே போய் நிற்கும்.

லூக்கா 22-ஆம் அதிகாரத்தில், சாத்தான் சீமோனைக் கோதுமையைப் போலப் புடைக்க உத்தரவு கேட்டிருக்கிறான் என்று இயேசு சொல்லுகிற இடத்தை வாசித்துப் பார். பேதுரு மறுதலிப்பதற்கு முன்னாலேயே அவனுக்காக வேண்டிக்கொண்டேன் என்கிறார். நீ திரும்பி வந்ததும் உன் சகோதரரை ஸ்திரப்படுத்து என்கிறார். விழப்போகிறான் என்றும் தெரியும், திரும்புவான் என்றும் தெரியும். அந்தப் பகுதியைப் பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். எனக்கு அது புரிந்தது பாட்டியின் முறத்தில்தான். நான் போய்த் தேடாமலே வந்தது. வேலையை உற்றுப் பார்த்தால் வசனம் தானாக வரும், சில நாள் வராது. வராத நாளில் சாமையைப் புடைத்தோம், சோறு ஆக்கினோம், அவ்வளவு போதும்.

வேலைக்குச் சொன்னதுதான் வெளியில் காண்பதற்கும். எங்கள் பக்கத்துக் கமண்டல நதி மலையிலிருந்து இறங்கி, படவேட்டைத் தாண்டி ஆரணிப் பக்கம் போகிறது. வருஷத்தில் பல மாதம் வெறும் மணல். மலையில் நல்ல மழை பெய்தால் ஒரே ராத்திரியில் தண்ணீர் வந்து நிற்கும். 126-ஆம் சங்கீதத்தில் சிறையிருப்பிலிருந்து திரும்புகிறவர்கள் தெற்குத் திசை ஆறுகளைச் சொல்லி வேண்டுகிறார்கள். யூதேயாவின் தெற்கே இருப்பவையும் இதே மாதிரி வறண்டு கிடந்து மழைக்கு ஓடுகிற ஆறுகள்தான். வருஷம் முழுவதும் தண்ணீர் ஓடும் ஊர்க்காரருக்கு அந்த ஜெபத்தின் ஏக்கம் பாதிதான் எட்டும். நமக்கு முழுசாக எட்டும்.

இன்னொன்று, பிள்ளைகளை ராத்திரியில் வெளியே கூட்டிப்போ. ஜவ்வாது மலையில் காவலூரில் வானத்தை ஆராயும் நிலையம் இருக்கிறது. 1967-ல் அங்கே வேலை தொடங்கியது. 1986-ல் 2.34 மீட்டர் குறுக்களவுள்ள பெரிய தொலைநோக்கி வந்து, வைணு பாப்பு என்ற வானியல் அறிஞரின் பெயரை நிலையத்துக்கு வைத்தார்கள். நகரத்து வெளிச்சம் எட்டாத இருட்டைத் தேடித்தான் அந்த மலைக்கு வந்தார்கள். ஆதியாகமம் 15-ல் கர்த்தர் ஆபிரகாமை வெளியே அழைத்து வந்து நட்சத்திரங்களை எண்ணச் சொல்கிறார். கூடாரத்துக்குள் இருந்தபடி எண்ண முடியாது. பிள்ளைகளிடம் இதை விளக்காதே. மொட்டை மாடியில் பாயைப் போட்டு எண்ணச் சொல். எண்ணி முடியவில்லை என்று அவர்களே வந்து சொல்வார்கள். அப்போது ஆபிரகாம் கதையைச் சொன்னால் போதும்.

பாட்டியிடம் கேட்கவேண்டிய விதம்

குடும்ப ஞாபகங்களைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லவேண்டும், ஏனென்றால் அவைதான் சீக்கிரம் தொலைகின்றன.

பெரியவர்களிடம் போய், "பாட்டி, உங்க விசுவாச சாட்சியைச் சொல்லுங்க" என்று கேட்காதே. உடனே அவர்கள் சபையில் எழுந்து நிற்கிற குரலுக்கு மாறிவிடுவார்கள். "கர்த்தர் நல்லவர், இதுவரை நடத்தினார்" என்று முடித்துவிடுவார்கள். உண்மைதான், ஆனால் அதில் உன் பாட்டி இல்லை. கையில் வேலை இருக்கும்போது கேள். எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் வீட்டுக்கு வீடு புளி உடைப்போம். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுக்க நாள் முழுவதும் ஆகும். லெந்து நாட்களும் அநேகமாக அந்த மாதங்களிலேயே வரும். திண்ணையில் நாலு பெண்கள் புளியோடு உட்கார்ந்துவிட்டால், சாட்சிக் கூட்டத்தில் வராத கதையெல்லாம் வரும். உன் ஊரில் புளி இல்லையென்றால் பூண்டு உரி, முருங்கைக்கீரை ஆய். கண் கீழே இருக்கும்போது வாய் தயங்காது.

கேள்வியைச் சின்னதாகக் கேள். அந்தப் பஞ்ச காலத்தில் என்ன சாப்பிட்டீங்க? தாத்தா வேலை போன வருஷம் வாடகையை யார் கொடுத்தாங்க? முதல்முதலா கோயிலுக்கு எந்தப் புடவை கட்டிக்கிட்டுப் போனீங்க? குழந்தை தவறினப்போ உங்ககூட யார் உட்கார்ந்திருந்தாங்க? இப்படிக் கேட்டால் ஆளும் இடமும் விலையும் வரும். விசுவாசம் அதற்குள்தான் இருக்கும், தனியாகப் பிரித்துக் கேட்கவேண்டாம்.

போனில் ரெக்கார்டு செய்துகொள், ஆனால் கேட்டுவிட்டுச் செய். பதிவின் தொடக்கத்திலேயே தேதியையும் ஊரையும் நீயே சொல்லிவிடு. பழைய போட்டோவின் பின்னால் பெயரை மெதுவாகப் பென்சிலால் எழுது, பேனா மை ஊறிப்போய் முன்பக்கம் தெரியும். வீட்டுப் பெரிய வேதாகமத்தின் முன்பக்கத் தாள்களில் பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், மரணம் என்று தாத்தா எழுதி வைத்திருப்பார். அந்தத் தாளை இன்றைக்கே படம் பிடித்து அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லாருக்கும் அனுப்பு.

அதற்கும் முந்தைய தலைமுறையைத் தேடினால், சபைப் பதிவேடு எந்தப் பெயரில் இருக்கும் என்று தெரிந்துகொண்டு போ. நம் பக்கத்தில் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் ஊழியம் 1853-ல் தொடங்கியது. அதன் சபைகள் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்தன. டேனிஷ் மிஷன் சபைகள் ஆற்காடு லுத்தரன் திருச்சபை ஆயின. கத்தோலிக்கரானால், வேலூர் மறைமாவட்டம் 1952-ல்தான் தனியாக உருவானது என்பதை மனதில் வைத்துக்கொள். ஐயரிடமோ பங்குத்தந்தையிடமோ, "எங்க கொள்ளுத்தாத்தா ஞானஸ்நானம் எடுத்தது இன்ன ஊர், ஏறக்குறைய இன்ன வருஷம்" என்று சொல்லிக் கேட்டால் தேடுகிறவர்களுக்கும் எளிது.

கேட்ட கதையை மெருகேற்றாதே. இது நான் கண்டிப்பாகச் சொல்வது. தாத்தா குடித்த வருஷங்களை எடுத்துவிட்டு, அவர் மனந்திரும்பிய வருஷத்தை மட்டும் பிள்ளைகளுக்குச் சொன்னால், எதிலிருந்து திரும்பினார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? வேதம் யாரை மெருகேற்றியிருக்கிறது? யாக்கோபு அப்பாவை ஏமாற்றியது இருக்கிறது, தாவீது செய்தது இருக்கிறது, பேதுரு நெருப்பண்டையில் நின்று சொன்னது நாலு சுவிசேஷத்திலும் இருக்கிறது. உயிரோடு இருக்கிறவர்களை அவமானப்படுத்தும் விஷயமானால் மட்டும் வெளியே சொல்லாமல் நோட்டோடு நிறுத்திக்கொள்.

தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் கடிதத்தின் தொடக்கத்தில் பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள் என்று பெயர் சொல்லியே எழுதுகிறார். பெயர் சொல்லவேண்டும், தங்கச்சி. "எங்க வீட்டுப் பெரியவங்க" என்று பொதுவாகச் சொன்னால் அடுத்த தலைமுறைக்கு ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

மூன்று கதவுத் தட்டல்கள்

நம் பக்கத்தில் நடந்த ஒரு குடும்பக் கதை உனக்கும் தெரிந்திருக்கும். இங்கிருந்து பஸ் ஏறினால் வேலூர். அங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-லேயே மருத்துவ மிஷனரியாக இலங்கைக்கு வந்தவர், அப்பாவும் டாக்டர். குடும்பத்தில் ஒருவர் பின் ஒருவராக ஊழியத்துக்கு வந்துகொண்டிருந்தபோது, ஐடாவுக்கு மட்டும் அதில் விருப்பமே இல்லை. சின்ன வயதில் பார்த்த பஞ்சமும் பிணியும் போதும் என்று அமெரிக்காவிலேயே இருந்துவிட நினைத்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தவர், ஒரு ராத்திரி மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டக் கண்டார். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூவரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில் கிடந்தார்கள். அப்பா வருவார் என்று ஐடா சொல்ல, ஆண் டாக்டர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்றார்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

இந்தக் கதையைச் சண்டே ஸ்கூலில் சொல்லும்போது பலர், "ஐடாவை அழைக்கத்தான் கர்த்தர் அந்த ராத்திரியைக் கொடுத்தார்" என்று முடிப்பார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. செத்துப்போன மூன்று பெண்களும் இன்னொருத்திக்குப் பாடம் சொல்லப் பிறந்தவர்கள் அல்ல. அவர்களுக்கும் அம்மா இருந்திருப்பாள். அடுத்தவர் சாவை உன் பாடத்துக்கு உபகரணமாக்காதே. உன் குடும்பக் கதையிலும் இந்த எச்சரிக்கை உனக்கு வேண்டும். "அந்தக் குழந்தை போனதால்தான் நாங்க கர்த்தரண்டை வந்தோம்" என்று சொல்வதற்கும், "குழந்தை போச்சு, அந்தத் துக்கத்திலே கர்த்தர் எங்களை விடலை" என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது, பார்.

ஐடா அந்த ராத்திரியிலிருந்து எடுத்துக்கொண்டது செய்யவேண்டிய ஒரு வேலையை. அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூருக்கு வந்து ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1902-ல் பெண்களுக்கான மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். அந்த மூன்று கதவுத் தட்டல்களுக்கு அவர் சொன்ன பதில் அது. உன் வீட்டு ஞாபகம் எதுவானாலும், கடைசியில் இந்தக் கேள்வியைக் கேள்: இதைத் தெரிந்துகொண்ட நான் இப்போது யாருக்கு என்ன செய்யப்போகிறேன்?

ஒரு பிடி அரிசி

அதற்கு உடனே தொடங்கக்கூடிய ஒரு வழி உண்டு. பாட்டி காலத்துச் சபைகளில் பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிச் சட்டியில் போட்டுவிட்டுத்தான் களைவார்கள். ஞாயிறன்று அது கோயிலுக்குப் போகும், அங்கிருந்து இல்லாதவர் வீட்டுக்குப் போகும். வடகிழக்கில் மிசோரம் சபைப் பெண்கள் 1910-லிருந்து இதைச் செய்துவருகிறார்கள், அவர்கள் சபையின் ஊழியத்துக்கு அது பெரிய தூணாக நிற்கிறது. மிச்சம் இருந்தால் கொடுப்பது வேறு, சமைப்பதற்கு முன்னாலேயே எடுத்து வைப்பது வேறு. சாறிபாத் விதவை எலியாவுக்கு முதலில் அடை சுட்டுக் கொடுத்தது எப்படிப்பட்டது என்று, அப்படி எடுத்து வைக்கும்போது உன் கைக்கே தெரியும்.

காஸ் அடுப்பு வந்தாலும், ரேஷன் அரிசியானாலும், இது நடக்கும். பிள்ளையின் கையால் எடுக்கச் சொல், அவர்கள் பிடி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. மாதம் முடிந்ததும், தெருவில் யார் வீட்டில் அடுப்பு சிரமமாக எரிகிறது என்று பார்த்துச் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டு வா. பாட்டி வைத்திருந்த சட்டி வீட்டில் இருந்தால் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடாதே. யாருடையது, எதற்கு வைத்திருந்தார் என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே போட்டு வை. வனாந்தரத்து மன்னாவைக்கூடப் பின்வரும் தலைமுறை பார்க்கவேண்டும் என்று ஒரு ஓமர் அளவு எடுத்து வைக்கச் சொன்னது யாத்திராகமத்தில் இருக்கிறது.

பக்கத்து வீடும் உன் பாடப்புத்தகம்

ஆடி மாதம் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊர் வழியே படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவும் மஞ்சள் புடவையோடு போவார். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்களுக்குக் குழம்பு வைத்துக் கொடுத்தது அவர்தான். எங்கள் குடும்பக் கதையில் அவருக்கு இடம் உண்டு, பெயரோடு உண்டு. நல்லது செய்தவர் நம் சபைக்காரராக இருந்தால்தான் விசுவாசப் பாடம் என்று நினைக்காதே. அயலான் யார் என்று கேட்டவனுக்கு இயேசு சமாரியனைத்தான் காட்டினார். நூற்றுக்கு அதிபதியின் விசுவாசத்தைப் பார்த்து அவரே ஆச்சரியப்பட்டார். பிள்ளைகளிடம் அவர்கள் கும்பிடுவதை மட்டமாகப் பேசிவிட்டு, அவர்கள் கொடுத்த குழம்பை "கர்த்தர் அனுப்பினார்" என்று மட்டும் சொல்வது அந்த அம்மாவுக்குச் செய்யும் நன்றி ஆகாது. கர்த்தர் அனுப்பினார், அந்த அம்மா கொண்டுவந்தார். இரண்டையும் சேர்த்துச் சொல்.

குடும்ப ஜெபம், நோட்டு, மௌனம்

குடும்ப ஜெபத்தைச் சுருக்கமாக வை. பிள்ளைகளிடம் பாடம் எடுக்காதே, நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடு. யோசுவா 4-ல் யோர்தானிலிருந்து பன்னிரண்டு கல் எடுத்து வைத்தார்களே, அது எதற்கு? பிற்காலத்தில் பிள்ளைகள் "இது என்ன கல்?" என்று கேட்கட்டும் என்பதற்கு. பிள்ளை கேட்கும்வரை பொறுத்திரு.

எந்தப் பாடமானாலும் முதலில் உனக்குச் சொல்லிக்கொள். வீட்டுக்காரரையோ மாமியாரையோ திருத்த ஒரு வசனம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக இருந்தால், அதை அன்றைக்கு வெளியே விடாதே. பிள்ளை பால் கொட்டினபோது அவன் முகத்தைப் பார்த்து வசனம் சொன்னால், அவனுக்கு ஞாபகம் இருக்கப்போவது உன் கோபம்தான். துடைத்துவிட்டு இன்னொரு டம்ளர் ஊற்று.

ஒரு சாதாரண நோட்டு வாங்கிக்கொள். என்ன நடந்தது, வேதத்தில் எந்த இடம் ஞாபகம் வந்தது, என்ன செய்யப்போகிறேன் என்று மூன்றே வரி எழுது. தினமும் எழுதவேண்டிய கட்டாயம் இல்லை, தோன்றுகிற நாளில் எழுது. இரண்டாவது வரி காலியாக இருந்தால் காலியாகவே விடு. மூன்றாவது வரி தொடர்ந்து காலியாக இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசி.

வீட்டில் பெரிய துக்கம் வந்த நாளில் நோட்டை மூடி வை. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் அவனுக்குச் செய்த நல்லது அந்த ஏழு நாள்தான், பாடம் சொல்ல வாயைத் திறந்த பிறகு காயம்தான். சாவு வீட்டில் கஞ்சி காய்ச்சு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடு, இரவில் கூடப் படுத்துக்கொள். அர்த்தம் என்ன என்று அவர்களே என்றைக்காவது சொல்வார்கள், சொல்லாமலும் போவார்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய், தங்கச்சி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உன் குடும்பத்தில் வயதில் மூத்தவர் யாரோ அவருக்குப் போன் போடு, முடிந்தால் நேரிலேயே போ. ஒரு சின்னக் கேள்வி கேட்டு, அவர் சொல்வதைத் தேதியோடு எழுதி வை. அவர் உயிரோடு இருக்கும்போதே கேள்.